டியூக் பேசினார், தூதுவர் கேட்டார்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "நீ ஏதாவது எழுதணும்ப்பா. ஆனா பம்ப், வால்வ் எல்லாம் வேண்டாம். அதுக்கு ஏற்கெனவே நாலு கட்டுரை வந்தாச்சு" என்றார். அப்படியானால் கவிதையைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீ மெக்கானிக்கல்தானே?" என்றார்.

மெக்கானிக்கல்தான். 2006-ல் உள்ளே வந்து 2010-ல் வெளியே போன கூட்டம். எங்களுக்கு முதலாண்டில் டெக்னிகல் இங்கிலீஷ் என்று ஒரு பாடம் இருந்தது. அலுவலகக் கடிதம், அறிக்கை, செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுவது, இப்படிப் போகும். மழை கொட்டி, பாதிப் பேர் வராத ஒரு பிற்பகலில் எங்கள் ஆங்கிலப் பேராசிரியை பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து வாசித்தார். ராபர்ட் பிரௌனிங்கின் 'மை லாஸ்ட் டச்சஸ்'. மொத்தம் 56 வரி. வாசித்து முடித்ததும், "யார் பேசறா? யார்கிட்ட பேசறா? எதுக்காக இப்பப் பேசறா?" என்று மூன்றே கேள்வி கேட்டார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "மேடம், பிளஸ் டூ தமிழ்ல தலைவி கூற்று, தோழி கூற்றுன்னு வருமே, அது மாதிரியா?" என்றான். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "கிட்டத்தட்ட அதேதான். ஆனா இங்க பேசறவன் கொலைகாரன். அதை அவன் சொல்லவே இல்ல, நமக்குத் தெரியுது. எப்படி?" என்றார். மணி அடித்துவிட்டது.

அந்த 'எப்படி'க்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆங்கில இலக்கியம் படித்த நண்பர்கள் இந்த மலரைப் பார்க்க நேர்ந்தால் பிழை பொறுக்க வேண்டும்.

கவிதையின் கதை இது. இத்தாலியில் ஃபெராரா என்ற ஊர். பதினாறாம் நூற்றாண்டு. மனைவியை இழந்த ஒரு டியூக், தனக்கு மறுபடி பெண் பேச வந்திருக்கும் தூதுவரை மாடிக்கு அழைத்துப் போய், சுவரிலுள்ள ஓவியம் ஒன்றின் திரையை விலக்கிக் காட்டுகிறார். இறந்துபோன மனைவியின் படம். அந்தத் திரையை அவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. படத்திலிருப்பவள் உயிரோடு இருந்தபோது என்ன குற்றம் செய்தாள்? எல்லாவற்றையும் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். சாயங்கால வெயில், யாரோ ஒடித்து வந்து கொடுத்த செர்ரிக் கிளை, அவள் ஏறிச் சுற்றி வரும் வெள்ளைக் கோவேறு கழுதை, டியூக் அவளுக்குக் கொடுத்த ஒன்பது நூற்றாண்டுப் பழமையான குடும்பப் பெயர், எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே சிரிப்பு. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்றால், அப்படிச் சொல்வதே தன் அந்தஸ்துக்குக் குறைவு என்கிறார். பிறகு உத்தரவு போட்டாராம். சிரிப்பெல்லாம் ஒரேயடியாக நின்றுவிட்டதாம். அடுத்த மூச்சிலேயே வரதட்சிணைப் பேச்சு. கீழே இறங்கிப் போகும்போது ஒரு வெண்கலச் சிலையைக் கைகாட்டுகிறார். கடல் தேவன் கடற்குதிரையை அடக்குகிற சிலை. அவ்வளவுதான், கவிதை முடிந்தது.

தூதுவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கவிஞரும் குறுக்கே வந்து 'பார்த்தீர்களா இந்தப் பாவியை' என்று சொல்லவில்லை. கொலை என்ற சொல் எங்குமே கிடையாது. உத்தரவு என்றால் என்ன உத்தரவு என்று அமெரிக்கப் பேராசிரியர் ஹிராம் கார்சன் பிரௌனிங்கிடம் நேரில் கேட்டிருக்கிறார். கொன்றுவிடச் சொன்ன உத்தரவுதான் என்றாராம் கவிஞர். கொஞ்சம் யோசித்துவிட்டு, கன்னியர் மடத்தில் அடைக்கச் சொன்னதாகவும் இருக்கலாம் என்றாராம். எழுதியவருக்கே அந்தக் கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை!

ஒரு தொழில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கவிதையில் இரண்டிரண்டு வரியாகக் கச்சிதமாக எதுகை உண்டு. ஆனால் வாசித்தால் காதில் விழாது. வாக்கியம் வரியின் முடிவில் நிற்காமல் அடுத்த வரிக்குள் போய் நடுவில் நிற்கும். நல்ல வெல்டர் மூட்டைக் கிரைண்டர் போட்டு இழைத்துவிட்டால் எங்கே சேர்த்தார் என்று விரலுக்குத் தெரியாதே, அந்த மாதிரி. அதனால்தான் செய்யுளைக் கேட்கிற உணர்வு வராமல், ஒரு பெரிய மனிதர் நம் தோளில் கை போட்டுப் பேசுகிற உணர்வு வருகிறது. அந்தக் கைதான் ஆபத்து.

இந்த டியூக்கின் மூலவர் இரண்டாம் அல்ஃபான்சோ என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். ஃபெராராவின் டியூக். 1558-ல் ஃப்ளாரன்ஸின் மெடிசி குடும்பத்து லுக்ரீசியாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அவளுக்கு அப்போது 13 வயது. 1561-ல், 16 வயதில் இறந்துபோனாள். விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. காசநோயாகத்தான் இருக்க வேண்டும் என்பது இன்றைய வரலாற்றாசிரியர்கள் கருத்து. அல்ஃபான்சோ 1565-ல் ஆஸ்திரிய இளவரசி பார்பராவை மணந்தார்.

இப்படி ஒருவரை மட்டும் பேசவிட்டு, எதிரே ஒருவரை உட்காரவைத்து, கவிஞர் ஒதுங்கிக்கொள்கிற கவிதைக்கு ஆங்கிலத்தில் டிரமாட்டிக் மோனோலாக் என்று பெயர். தமிழில் நாடகத் தனிமொழி என்று சொல்லலாம். பிரௌனிங் இந்தப் பெயரைத் தன் புத்தகங்களுக்கு வைக்கவில்லை. பெயர் பரவியது பின்னால்தான். ஆனால் 1830-களிலும் 40-களிலும் இங்கிலாந்தில் ஏன் இது இப்படி முளைத்து வளர்ந்தது?

கொஞ்சம் அவமானத்தில் ஆரம்பிக்கிறது கதை. பிரௌனிங் 1812-ல் லண்டன் கேம்பர்வெல்லில் பிறந்தவர். அப்பா பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் கிளார்க். வீட்டில் ஏறத்தாழ 6000 புத்தகம்! பையனுக்கு அதுதான் பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம். 1833-ல் 'பாலின்' என்ற முதல் புத்தகம் பெயர் போடாமல் வந்தது. அச்சுச் செலவுக்கு 30 பவுன் கொடுத்தது சித்தி. அப்போதைய கவிகளைப் போலத் தன் நெஞ்சை அப்படியே திறந்து கொட்டிய கவிதை. ஒரு பிரதிகூட விற்கவில்லை. மதிப்புரைக்காகப் போன பிரதி ஜான் ஸ்டூவர்ட் மில் கையில் சேர்ந்தது. ஆம், பொருளாதாரப் பாடத்தில் வருகிற அதே மில்தான். இந்த ஆசிரியருக்குத் தன்னைப் பற்றிய நினைப்பு நோய் அளவுக்கு முற்றியிருக்கிறது என்ற பொருளில் அவர் அதில் எழுதி வைத்தார். மதிப்புரை வெளிவரவில்லை. குறிப்பு எழுதிய பிரதி மட்டும் பிரௌனிங் கைக்கு வந்து சேர்ந்தது. 21 வயதில் இப்படி ஒரு அடி! அதற்குப் பிறகு 'நான்' என்று எழுதினால் அது தானில்லை என்று பார்த்துக்கொண்டார் மனிதர்.

அடுத்தது நாடக மேடை. பெரிய நடிகர் மக்ரெடி கேட்டுக்கொண்டதால் 'ஸ்ட்ராஃபோர்ட்' எழுதினார். 1837-ல் கோவன்ட் கார்டனில் ஐந்தே நாள் ஓடியது. 1843-ல் டுரூரி லேனில் இன்னொரு நாடகம், மூன்று நாள். அந்தக் காலத்து லண்டன் சட்டப்படி, வசன நாடகம் போடும் உரிமை உரிமம் பெற்ற ஓரிரண்டு அரங்குகளுக்கே இருந்தது. அந்த ஏகபோகம் ஒழிந்தது 1843-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். ஆயிரக்கணக்கான பேர் உட்காரும் ராட்சத அரங்கம். கடைசி வரிசைக்குக் கேட்க நடிகர் கத்தியாக வேண்டும். ஒருவன் பேசிக்கொண்டே இருக்கையில் அவன் மனசு உள்ளுக்குள் திரும்புவதைக் காட்ட வேண்டுமென்றால் அதற்கு அந்த இடம் சரிப்படாது. மேடை கைவிட்டது. ஆனால் மேடை கற்றுக்கொடுத்தது கையில் இருந்தது. நாடகத்தின் ஒரே ஒரு காட்சி, ஒரே ஒரு பாத்திரம், மற்றதெல்லாம் வாசகன் ஊகம்.

1842 நவம்பரில் 'டிரமாட்டிக் லிரிக்ஸ்' வந்தது. புத்தகம் என்று சொல்வதற்கில்லை. 16 பக்கம், பக்கத்துக்கு இரண்டு பத்தி, பொடி எழுத்து. அப்பா காசில் அச்சடித்த மலிவுத் தொகுப்பு வரிசையில் மூன்றாவது. அச்சகத்தில் இடம் மிச்சமிருக்கிறது, ஏதாவது கொடுங்கள் என்று கேட்டதால், மக்ரெடியின் நோயாளி மகனுக்காக விளையாட்டாக எழுதியதை எடுத்துக் கொடுத்தார். அதுதான் எலிகளை ஊதி ஆற்றுக்குக் கூட்டிப்போகிற குழல்காரன் கதை. நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது. டியூக்கும் குழல்காரனும் ஒரே தாளில் பக்கம் பக்கமாகப் பிறந்தவர்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். இந்தக் கவிதைகளில் பேசுவதெல்லாம் கற்பனை மனிதர்கள், தான் இல்லை என்று ஆரம்பத்திலேயே ஒரு குறிப்பும் போட்டுவிட்டார். மில்லுக்குச் சொன்ன பதில் மாதிரியே இருக்கிறது அது.

அதே 1842-ல், அதே பதிப்பாளர் எட்வர்ட் மாக்சனிடமிருந்து, டென்னிசனின் இரண்டு தொகுதிகளும் வந்தன. அதில் 'யுலிசிஸ்' இருக்கிறது, தூணின் மேல் நின்று தவம் செய்த புனித சிமியோன் பேசும் கவிதை இருக்கிறது. இரண்டும் 1833-லேயே எழுதியவை. அந்த வருஷம் செப்டம்பரில் டென்னிசனின் உயிர்த் தோழர் ஆர்தர் ஹாலம் வியன்னாவில் திடீரென்று இறந்துபோனார். அடுத்த மாதம் எழுதியது 'யுலிசிஸ்'. தன் துக்கத்தைத் தன் குரலில் சொல்ல முடியாத இளைஞர், கிழட்டு ராஜா ஒருவனின் குரலை இரவல் வாங்குகிறார். வீட்டில் உட்கார மாட்டேன், மறுபடி கடலுக்குப் போகிறேன் என்கிற ராஜா. இதை வீர முழக்கமாக மேடையில் ஒப்பிப்பவர்கள் உண்டு. இன்னொரு தடவை படித்தால் வேறு விஷயம் தெரியும். நாட்டையும் மக்களையும் மகன் தலையில் கட்டிவிட்டு, வயதான மனைவியை ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டுப் போகிறவனும் இதே ஆள்தான். இரண்டில் எது சரி என்றால், இரண்டும் சரி. ஒருவர் இருந்த ஊர் இன்னொருவருக்குத் தெரியாமல், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் இதே வழிக்கு வந்து சேர்ந்தார்கள்.

தனிப்பட்ட காரணங்கள் இப்படி. காலமும் சேர்ந்துகொண்டது. 1835-ல் ஜேம்ஸ் பிரிச்சர்ட் என்ற மருத்துவர் பைத்தியம் பற்றி ஒரு நூல் எழுதினார். புத்தி தெளிவாக இருக்கும், வாதம் செய்யத் தெரியும், உணர்ச்சி மட்டும் கெட்டுப்போயிருக்கும், அப்படியும் ஒரு பைத்தியம் உண்டு என்றார். அடுத்த ஜனவரியில், 1836-ல், 'மன்த்லி ரெபாசிடரி' இதழில் பிரௌனிங்கின் 'போர்ஃபீரியா' வந்தது. காதலியின் கூந்தலாலேயே அவள் கழுத்தை நெரித்துவிட்டு, ராத்திரி பூரா அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் மிக நிதானமாகப் பேசுகிறான். 1842 தொகுப்பில் இதற்குப் 'பைத்தியக்கார விடுதி அறைகள்' என்ற பொருளில் தலைப்புப் போட்டார். இரண்டே மாதத்தில், 1843 ஜனவரியில், மெக்நாட்டன் என்பவன் பிரதமரின் செயலாளரைச் சுட்டுக் கொன்றான். பைத்தியம் என்று விடுதலையானான். அந்த வழக்கிலிருந்து பிறந்த விதிதான் நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்துக்கும் வந்து சேர்ந்தது.

நீதிமன்றத்திலும் அப்போது ஒரு மாற்றம். 1836 வரை இங்கிலாந்தில் கொலை, திருட்டு போன்ற பெரிய குற்றங்களில் குற்றவாளிக்காக வக்கீல் ஜூரியிடம் எழுந்து பேச முடியாது. அவனே பேச வேண்டும். 1836-ல் சட்டம் மாறி வக்கீல் பேச ஆரம்பித்தார். குற்றம் சாட்டப்பட்டவன் சத்தியம் செய்து சாட்சி சொல்லும் உரிமை 1898-ல்தான் பொதுவாக வந்தது. இடைப்பட்ட அறுபது வருஷம் நீதிமன்றத்தில் வாயடைத்து நின்றவன் கவிதையில் வந்து பேசினானோ என்று எனக்குத் தோன்றும். இது ஒரு மெக்கானிக்கல் ஆளின் ஊகம். தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

ராபர்ட் லாங்பாம் என்ற விமர்சகர் 1957-ல் எழுதிய நூலில் இந்தக் கவிதைகளின் இயக்கத்தைச் சொல்கிறார். பேசுகிறவனோடு நமக்கு ஒரு ஒட்டுதல் வருகிறது, அதே நேரம் அவனைத் தீர்ப்பிடவும் வேண்டியிருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் நாம் இழுபடுகிறோம் என்கிறார். டியூக் விஷயத்தில் ஒட்டுதல்தான் முந்திக்கொள்கிறது. அவர் தோரணை, பேச்சு, ரசனை எல்லாம் நம்மைக் கட்டிப்போடுகின்றன. கண்டனம் செய்ய மறந்து தூதுவரைப் போலத் தலையாட்டிக்கொண்டே மாடிப்படி இறங்கிவிடுகிறோம்.

தலையாட்டியவன் நான். அதையும் சொல்லியாக வேண்டும்.

2017-ல் ஒரு ஆலையில் (பெயர் வேண்டாம்) ஸ்டீம் லைன் வால்வ் ஒன்றின் கிளாண்டில் நீராவி பீறிட்டு, ஹெல்பர் பையன் ஒருவனுக்கு முழங்கை வரை வெந்துவிட்டது. விசாரிக்கப் போன இரண்டு பேரில் நான் இளையவன். பொறுப்பிலிருந்த அதிகாரி தன் ஏ.சி. அறையில் உட்காரவைத்து, டீ, பிஸ்கட் எல்லாம் வரவழைத்து, நாற்பது நிமிஷம் பேசினார். அருமையாகப் பேசுவார். தான் கட்டி எழுப்பிய பிளான்ட், வாங்கிய பாதுகாப்பு விருதுகள், கேடயங்கள்... அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். நடுவில் பையனைப் பற்றி, "நல்ல பையன்தான் சார். ஆனா எதுக்கெடுத்தாலும் வந்து நிப்பான். அந்த வால்வ்ல லீக் இருக்கு லீக் இருக்குன்னு மூணு தரம் வந்து நச்சரிச்சான். ஷட்டவுன் வரைக்கும் பொறுக்கத் தெரியாத ஆளு" என்றார். எழுதிக்கொண்டேன். தலையாட்டினேன். டீ நன்றாக இருந்தது. அறிக்கையில் முதல் காரணம் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று போனது. முதலாண்டில் கற்ற செயப்பாட்டு வினை முழுக்க அதில் பயன்பட்டது. பராமரிப்பு ஒத்திவைக்கப்பட்டிருந்தது, வால்வ் இயக்கப்பட்டது, காயம் ஏற்பட்டது. யார் ஒத்திவைத்தார் என்று எங்கும் இல்லை. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

2020 ஊரடங்கில் அலமாரியை ஒழிக்கும்போது பழைய நோட்டுப் புத்தகம் கிடைத்தது. என் கையெழுத்திலேயே அந்த வாக்கியம். மூன்று தரம் வந்து சொன்னான். பையனைக் குறை சொல்வதாக நினைத்து அவர் சொன்னது. உண்மையில் அவர் தன்னைப் பற்றிக் கொடுத்த வாக்குமூலம். எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டவன் கேட்கவில்லை. அன்று இரவுதான் 'டச்சஸை' மறுபடி தேடி எடுத்துப் படித்தேன். சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுதியும் பார்த்தேன். ஃபைல் மூடியாச்சு என்று பதில் வந்தது. பையன் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு இந்தக் கவிதைகளில் பேசுகிறவரைவிடப் பேச இடம் கிடைக்காதவர்கள் மேல்தான் என் கவனம் போகிறது. டச்சஸுக்கு ஒரு வரி கிடையாது. போர்ஃபீரியாவுக்கும் கிடையாது. அப்படியானால் அவர்கள் பேசிய கவிதைகள் உண்டா என்றால், உண்டு. பெண்கள் எழுதினார்கள். சொல்லப்போனால் ஃபெலிசியா ஹெமன்ஸ், லெட்டீசியா லாண்டன் போன்ற பெண் கவிகள் 1820-களிலேயே பிற பெண்களின் குரலில் எழுதியிருக்கிறார்கள், இந்த வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களே அவர்கள்தான் என்று ஐசோபெல் ஆம்ஸ்ட்ராங் 1993-ல் வாதிட்டார். விவாதம் இன்னும் முடியவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது எலிசபெத் பாரட் எழுதியது. 1846 செப்டம்பரில் அப்பாவுக்குத் தெரியாமல் பிரௌனிங்கை மணந்துகொண்டு இத்தாலி போனவர். அவருடைய அமெரிக்க அடிமைப் பெண் கவிதை, பாஸ்டனில் அடிமை ஒழிப்பு இயக்கத்தார் நிதிக்காக விற்ற 'லிபர்ட்டி பெல்' ஆண்டு மலரின் 1848 இதழில் வந்தது. (பாருங்கள், அதுவும் ஒரு மலர்தான்!) தப்பி ஓடிவந்த கறுப்பினப் பெண், அமெரிக்காவுக்கு முதலில் வந்திறங்கிய யாத்ரீகர்களின் கரையில் நின்று பேசுகிறாள். வெள்ளைக்காரர்களின் வன்முறையால் பிறந்த தன் குழந்தையைத் தானே கொன்று புதைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் பேச்சின் நடுவே துரத்தி வந்தவர்கள் சுற்றி வளைக்கிறார்கள். பிறகு அவள் பேசுவது அவர்களைப் பார்த்து. தூதுவரின் நாற்காலியில் இப்போது எஜமானர்கள். வாங்கிப் படிக்கிற கனவான்களும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறார்கள்.

பின்னணியும் லேசானதல்ல. பாரட் குடும்பச் செல்வம் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து, அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. ராபர்ட்டின் அப்பாவை இளவயதில் செயின்ட் கிட்ஸ் தீவிலிருந்த குடும்பத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கண்டதைச் சகிக்க முடியாமல் திரும்பிவிட்டார். அதனால் தன் தகப்பனாரின் கோபத்தைச் சம்பாதித்து, வங்கி கிளார்க்காகவே காலம் தள்ளினார். அந்த 6000 புத்தகத்தையும் கிளார்க் சம்பளத்தில் சேர்த்தவர்.

அகஸ்டா வெப்ஸ்டர் பெயரை நான் கல்லூரி நாளில் கேட்டதே இல்லை. 1870-ல் 'போர்ட்ரெய்ட்ஸ்' என்ற தொகுப்பில் 'எ காஸ்ட்அவே' எழுதினார். பேசுகிறவள் யூலலி, வசதியான விலைமகள். சிறுமியாக இருந்தபோது எழுதிய டைரியைப் புரட்டுகிறாள். அழுது புலம்புவாள் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். கணக்குப் பார்க்கிறாள். பொய் வழக்காடும் வக்கீல், நம்பாததைப் பிரசங்கம் செய்கிறவர், சரக்கில் ஏமாற்றும் வியாபாரி, இவர்களைவிட என் தொழில் எந்த விதத்தில் மட்டம் என்று கேட்கிறாள். வீட்டில் இருந்த பணம் அண்ணன் படிப்புக்குப் போனது, தனக்கு உருப்படியான கல்வி கிடைக்கவில்லை என்பதையும் சொல்கிறாள். அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் தொற்றுநோய்ச் சட்டங்கள் அமலில் இருந்தன, 1864, 1866, 1869 என்று மூன்று. படைவீரர் நகரங்களில் சந்தேகப்படும் பெண்ணைப் போலீஸ் கட்டாய மருத்துவச் சோதனைக்கு அனுப்பலாம். வரும் ஆணுக்குச் சோதனை கிடையாது. 1868-ல் இந்தியாவிலும் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டார்கள். இங்கிலாந்தில் 1886-ல் அதை ரத்து செய்தார்கள். வெப்ஸ்டர் வெறும் கவிதையோடு நிற்கவில்லை. 1879-ல் லண்டன் பள்ளிக் குழுவுக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார். யூலலிக்குக் கிடைக்காத படிப்பு இவருக்குக் கவலையாக இருந்திருக்கிறது.

பிரௌனிங்கும் கடைசியில் இறந்த பெண்ணைப் பேசவைத்தார். அது ஒரு பழைய ஃபைலில் ஆரம்பித்த கதை. 1860 ஜூனில் ஃப்ளாரன்ஸில் சான் லொரென்சோ சதுக்கத்துப் பழஞ்சாமான் கடையில், ஒரு லிராவுக்கு ஒரு மஞ்சள் அட்டைக் கட்டு வாங்கினார். 1698-ல் ரோமில் நடந்த கொலை வழக்கின் ஆவணங்கள். கைடோ ஃபிரான்செஸ்கினி என்ற நொடித்துப்போன பிரபு, தன்னை விட்டுப் போன மனைவி பொம்பிலியாவையும் அவளை வளர்த்த பெற்றோரையும் ஜனவரி 2-ஆம் தேதி ஆட்களோடு போய்க் குத்தினான். பெற்றோர் அங்கேயே செத்தார்கள். 17 வயதுப் பொம்பிலியா நாலு நாள் உயிரோடு இருந்தாள். இரண்டு வாரம் முன்புதான் குழந்தை பிறந்திருந்தது. அந்த நாலு நாளில் அவள் பேசினாள், அதனால்தான் வழக்கே நின்றது. அன்றைய ரோம் நீதிமன்றத்தில் வாய்வாதம் கிடையாது. எல்லாம் எழுத்து. கைடோ போப்பாண்டவர் வரை மேல்முறையீடு செய்தும் பலிக்கவில்லை. பிப்ரவரி 22-ல் தலை போனது.

வாங்கிய அடுத்த வருஷமே எலிசபெத் இறந்துவிட்டார். மஞ்சள் கட்டு சில வருஷம் அப்படியே கிடந்தது. 1868 நவம்பரிலிருந்து 1869 பிப்ரவரி வரை மாதம் ஒன்றாக நாலு தொகுதியில் 'தி ரிங் அண்ட் தி புக்' வந்தது. 12 காண்டம், 21,000 வரிக்கு மேல். ஒரே சம்பவத்தை ஒன்பது பேர் சொல்கிறார்கள். கணவன் பக்கம் பேசும் பாதி ஊர், மனைவி பக்கம் பேசும் பாதி ஊர், இரண்டும் வேண்டாம் என்கிற மேட்டுக்குடி ஆள், கைடோ, அவள் தப்ப உதவிய இளம் பாதிரியார், சாகக் கிடக்கும் பொம்பிலியா, இரண்டு வக்கீல்கள், போப்பாண்டவர். ஒரு வக்கீல் வாதம் தயாரிக்கும்போது மகனின் பிறந்த நாள் விருந்துச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறார். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு பிஸ்கட் தட்டு ஞாபகம் வந்தது. கைடோவுக்கு மட்டும் இரண்டு தரம் பேச்சு. முதல் தரம் நீதிபதிகள் முன்னால், பணிவாக. இரண்டாம் தரம் தலை வெட்டப்படும் முன் சிறையில், முகமூடி கழன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒரே ஆள் ஒரே விஷயத்தை இரண்டு அறையில் எப்படிப் பேசுவான் என்று தெரியும். முழுக்காவியமும் படிக்க முடியாவிட்டால் இந்த இரண்டையும் பொம்பிலியாவையும் மட்டுமாவது. நான் வக்கீல்கள் பகுதியில் பாதி பக்கத்தைத் தள்ளிவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த மஞ்சள் கட்டு இன்று ஆக்ஸ்ஃபோர்டில் பாலியல் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது.

கடைசியாக நம் துறைக்காரர்களுக்கு ஒரு செய்தி. 1889 ஏப்ரல் 7-ஆம் தேதி, லண்டனில் ருடால்ஃப் லேமன் என்ற ஓவியர் வீட்டு விருந்துக்கு எடிசனின் பிரதிநிதி கர்னல் கௌராட், ஃபோனோகிராஃப் கருவியைக் கொண்டுவந்தார். மெழுகு சிலிண்டர். 76 வயது பிரௌனிங்கைப் பேசச் சொன்னார்கள். கென்ட்டிலிருந்து எய்க்ஸுக்கு நல்ல செய்தி கொண்டுபோகும் குதிரைவீரன் கவிதையை எடுத்தார். 1845-ல் வெளியானது. அதிலும் 'நான்' என்பது அவரில்லை, நடக்காத சம்பவத்தில் இல்லாத ஒரு வீரன். சில வரி குதிரைக் குளம்பு வேகத்தில் ஓடுகிறது. திடீரென்று நின்றுவிடுகிறது. மறந்துவிட்டார்! சொந்தக் கவிதையே ஞாபகம் வரவில்லையே, மன்னியுங்கள் என்கிறார். இந்த அற்புதக் கருவியை மட்டும் மறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சிலிண்டருக்குள் தன் பெயரை உரக்கக் கூவுகிறார். சுற்றி நிற்பவர்கள் ஆரவாரம் செய்கிறார்கள்.

அந்த டிசம்பர் 12-ல் வெனிஸில் இறந்துபோனார். சரியாக ஒரு வருஷம் கழித்து நண்பர்கள் கூடி அந்தச் சிலிண்டரை ஓட்டிக் கேட்டார்கள்.

இணையத்தில் தேடினால் கிடைக்கிறது. இரைச்சல் ஜாஸ்தி, சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. ஹாஸ்டலில் கேட்பதானால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். குதிரைவீரன் நின்று கிழவர் பேசத் தொடங்கும் இடம் நன்றாகவே தெரியும்.